இந்த வாரம் யார் முறை

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை என் வீடு தேடி வந்து, நர்ஸ் வேலையில் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் காப்பி கொடுத்தேன். கை நகத்தை வெட்டி வைத்துக்கொள், டாக்டரம்மா எதிரில் சுவரில் சாயாதே என்று இரண்டு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான், கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று உறைத்தது. அன்றிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக முப்பது வருஷம் வேலை பார்த்துத் தலை நரைத்தவர்கள். எனக்கு இருபத்தாறு வயது. வேலை பார்த்தது ஐந்து வருஷம். என் மகனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. ஆனாலும் இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகப் போவதில்லை என்பதால், ஓய்வு பெற்றவள் என்றே என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், டாக்டரம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டுக்கல்லில் பிரசவத்துக்கு அவரைப் போலக் கைராசி உள்ளவர் இல்லை. ஆத்தூரிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். எத்தனையோ பெண்களை அவர் பிழைக்க வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது ஏதாவது தப்பாக இருந்தால் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "யாரு?" என்று கேட்பார். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் கிடையாது. யாரு, அவ்வளவுதான். பெயர் கிடைத்ததும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு மாதத்தில் ஒரே பெயர் மூன்று தடவை வந்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பயம் இருந்தால்தான் கை சுத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அதைச் சொல்லும்போது அவர் கோபமாக இருக்கமாட்டார். நம் நன்மைக்குச் சொல்வது போலத்தான் சொல்வார்.

நான் சேருவதற்கு முன்பு ஒரு பெண்ணுக்கு அப்படி மூன்று தடவை பெயர் விழுந்து, அழுதுகொண்டே ஊருக்குப் போனாளாம். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் மூத்த நர்ஸ். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்று எனக்குத் தெரிந்த வேலை முழுவதும் அவர் கொடுத்தது. அந்தப் பெண் போன அன்றே அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நாங்கள் ஏழு நர்ஸ்கள். ஒரு வாரத்துக்கு ஒருத்தி. அந்த வாரத்தில் யார் என்ன தப்புச் செய்தாலும், "யாரு?" என்ற கேள்விக்கு "நாந்தாம்மா" என்று முன்னால் வருகிறவள் அவள்தான். ஒரே வாரத்தில் இரண்டு பெயர் விழுந்துவிட்டால் அடுத்தவள் ஏற்றுக்கொள்வாள். மூன்றாவது பெயர் யாருக்கும் விழவே விழாது.

இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில், நாங்கள் தலையில் குல்லாய் குத்திக்கொண்டிருக்கும்போது மூத்த நர்ஸ் வந்து ஒருத்தியின் தோளைத் தொட்டு, "இந்த வாரம் ஓம் முறை தாயி" என்பார். முறை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகச் சார்ட்டில் எங்கள் கையெழுத்தைப் போடுவதையும் நிறுத்தினோம். காய்ச்சல் எவ்வளவு என்று மட்டும் இருக்கும், பார்த்தது யார் என்று இருக்காது. இன்னொன்றும் உண்டு. உண்மையில் செய்தது யார் என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்ளக் கூடாது. அதுதான் எங்கள் மரியாதை.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு குழந்தைக்குத் தாய் பெயர் எழுதிய கைச்சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது, ஆனால் டாக்டரம்மா பார்த்துவிட்டார். எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி, என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாந்தாம்மா" என்றாள். அன்று குளியலறையில் போய் அழுதேன். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று தோன்றியது. இப்படிப்பட்ட இடத்தில் வேலை கிடைத்ததே என்று நினைத்தேன். அதை இப்போதும் மறுக்கமாட்டேன். கைச்சீட்டு ஏன் மாறியது என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பிரசவம் ஒன்றாக வந்தால் இரண்டு சீட்டையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் மாறியது. அதற்குப் பிறகும் ஒரே தட்டில்தான் வைத்தோம்.

எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். வாசலில் நின்று பார்த்தால் இடது பக்கம் ஆறு, வலது பக்கம் ஆறு. தெர்மாமீட்டர் இரண்டு, வரிசைக்கு ஒன்று. இடது வரிசைக்கானதன் கூட்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

ஒரு சித்திரை மாதம் மத்தியானம், இடது வரிசையில் ஒரு பெண்ணின் நெற்றியைத் தொட்டபோது அனலாகச் சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமலே ஓடிப்போய்ச் சாப்பாட்டில் இருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். நான் நீட்டிய சிவப்பு நூல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். தொண்ணூற்று ஒன்பதுக்குக் கீழே. எல்லாக் கட்டிலும் கேட்கும்படி, "கைய வச்சுப் பாக்கறதுக்கு ஊர்ல ஆளா இல்ல? உன்னை எதுக்குப் படிக்க வச்சாங்க?" என்றார். நோட்டில் என் பெயர் ஏறியது. அந்தப் பெண் இரண்டு நாளில் வீட்டுக்குப் போனாள். பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது. இப்போது அடிக்கடி அவளை நினைத்துக்கொள்கிறேன். அவள் ஊர் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை.

அன்றோடு என் கையை நம்புவதை விட்டேன். தெர்மாமீட்டர் கண்ணாடி சொல்வதை எழுதினால் யாரும் திட்டமுடியாது என்று கற்றுக்கொண்டேன். அது பாடம் என்றே நினைத்தேன்.

நாச்சம்மாள் வந்தது ஆவணி மாதம். செம்பட்டிப் பக்கம், கத்தரித் தோட்டக்காரர் வீட்டுப் பெண். இரண்டாவது பிரசவம், பெண் குழந்தை, சுகமாகவே பிறந்தது. இடது வரிசையில் நான்காவது கட்டில். மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு நான் காய்ச்சல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"தாயி, ஒருமாதிரி குளுருது. அந்தச் சன்னலச் சாத்திட்டுப் போ" என்றாள்.

வெளியே வெயில் இன்னும் தணியவில்லை. நெற்றியைத் தொட்டேன். சுட்டது. சிவப்பு நூல் தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்று ஒன்பது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். தொண்ணூற்று ஒன்பது. மறுபடி நெற்றியைத் தொட்டேன்.

அப்போது என் மனசு ஓடிய விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் உங்களுக்கும் ஓடும். அன்று காலையில் என் மகனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். அவனைப் பக்கத்து வீட்டு ஜமீலாக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். என் கணவருக்கு அப்போது கீரனூரில் வாத்தியார் வேலை, சனிக்கிழமைதான் வருவார். காலையிலிருந்து பிள்ளையின் சூடு என் கையிலேயே இருப்பது போல இருந்தது. ஆகவே இப்போது சுடுவது நாச்சம்மாள் நெற்றி அல்ல, என் பயம்தான் என்று நினைத்தேன். டாக்டரம்மா ஒரு ஆபரேஷன் முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார். எழுப்பினால் சித்திரை மாதத்துக் கதைதான். எழுப்பாவிட்டால், எழுத்தில் தொண்ணூற்று ஒன்பது இருக்கிறது.

தொண்ணூற்று ஒன்பது என்று எழுதினேன். சன்னலைச் சாத்தி, கம்பளியை இழுத்து விட்டேன். "நல்லா இரு தாயி" என்றாள்.

இரவு டியூட்டிக்காரி, தூங்குகிறாள் என்று அவளை எழுப்பவில்லை. விடிந்தபோது நாச்சம்மாளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, ஜன்னி கண்டு, வீட்டில் இல்லாத மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா தன் பையில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்து வைத்தார். நூற்று நாலு. ஊசி போட்டார், தண்ணீர் ஏற்றச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு கால்மாட்டுக்கு வந்து சார்ட்டைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் தொண்ணூத்தொம்பதுன்னு எழுதினது யாரு?"

நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள், "நாந்தாம்மா" என்ற குரல் கேட்டது.

பாக்கியம். ஆத்தூர்க்காரி, சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் கழிந்தால் வேலை நிரந்தரம். அவர்கள் சாதிசனத்திலேயே முதலில் படித்து வேலைக்கு வந்த பெண். அந்த வாரம் அவள் முறை. நான் காய்ச்சல் பார்த்த நேரத்தில் அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அது வழக்கமான திட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மத்தியானம் பாக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், வெஞ்சனம் பத்தவில்லை என்று என் தட்டிலிருந்து பொரியலை எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் பார்த்தது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாச்சம்மாள் இன்னும் மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளும் எனக்கு அவகாசம் இருந்தது. இரண்டாம் நாள், உடம்பு தேறவில்லை என்று தெரிந்ததும், மூத்த நர்ஸிடம் போய், அன்று பார்த்தது நான் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தார்.

"இப்ப நீ வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் வேல போகும். நீ செஞ்சதுக்கு ஒனக்கு, பொய் சொன்னதுக்கு அவளுக்கு. கைப்புள்ளக்காரி நீ. செத்த நேரம் பொறு, அவ பொழச்சிருவா" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இல்லை, நியாயம் இருப்பதாக வைத்துக்கொண்டால் எனக்கு வசதியாக இருந்தது. எது என்று இன்றுவரை தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் நாச்சம்மாள் இறந்துபோனாள். டாக்டரம்மா பாக்கியத்தை அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே கழுவின பாத்திரங்களை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பாக்கியம் அழுதது கேட்டது. வேறு யாராவது பார்த்தார்களா என்று டாக்டரம்மா கேட்டதும் கேட்டது. "இல்லம்மா, நாந்தான்" என்றாள். எங்கள் பழக்கப்படி, ஒருமுறை சொன்னதை மாற்றக் கூடாது. மாற்றினால் எல்லோருடைய பழைய பொய்யும் வெளியே வரும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக என் கையால் முடிந்திருக்கும். பாத்திரங்களைக் கீழே வைத்தால் போதும்.

அன்றே அவளை அனுப்பிவிட்டார். இனி அவளை எங்கும் சேர்க்க வேண்டாம் என்று தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதமும் போயிற்று.

வாசலில் நாச்சம்மாளின் கணவர் துணியில் சுற்றிய குழந்தையோடு வண்டிக்காக நின்றிருந்தார். பாக்கியம் மூட்டையோடு கடந்து போகும்போது அவர் சத்தம் போடவில்லை.

"ஒருக்காத் தொட்டுப் பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமே தாயி" என்றார்.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். தொட்டுப் பார்த்த நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. ஒரு கட்டிலுக்கு இரண்டு முறை, மூன்று முறை பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தெர்மாமீட்டரில் பார்த்ததை இன்னொன்றிலும் பார்த்தேன். இப்படிப் பயத்தால் பார்த்ததில்தான் தெரிந்தது. வலது வரிசைத் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டினால் சிவப்பு நூல் தெர்மாமீட்டர் தொண்ணூற்று ஒன்பது காட்டியது. என் அக்குளில் வைத்துப் பார்த்தேன். என் பிள்ளையைத் தூக்கி வரச் சொல்லி அவனுக்கும் வைத்துப் பார்த்தேன். எப்போதும் இரண்டு டிகிரி குறைவு.

அன்று உட்கார்ந்து நினைவில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு வருஷத்தில், காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டதாக ஆறு பேர் திட்டு வாங்கியிருந்தோம். ஆறும் இடது வரிசை. நோட்டில் ஆறு பெயர், ஆறும் வேறு வேறு. நாங்கள்தான் முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தோமே. செய்தவள் பெயரே ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தால்கூட, இடது வரிசையைப் பார்க்கிறவர்களுக்கே ஏன் இப்படி வருகிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள். கேட்டிருப்பார்களா? எனக்கு நிச்சயம் இல்லை. ஆனால் கேட்க வழி இருந்திருக்கும். செய்த ஒவ்வொருத்தியும் அது தன் கவனக்குறைவு என்று எண்ணி, பழி இன்னொருத்திக்குப் போனதே போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். அடுத்தவளும் அப்படியே. ஆறு பேரும் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மூத்த நர்ஸிடம் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு சொன்னார்: "கீழ போட்டு ஒடச்சிரு. புதுசு வாங்கிக் குடுத்துருவாக. யாரு ஒடச்சதுன்னு கேட்டா, இந்த வாரம் முறைக்காரி சொல்லிக்கிருவா."

அவர் கெட்டவர் இல்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டும். எங்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நான் உடைக்கவில்லை. இரண்டு தெர்மாமீட்டரையும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். நாச்சம்மாளைப் பார்த்தது நான், பாக்கியம் இல்லை என்றேன். முறை வைத்த கதை முழுவதையும் சொன்னேன். அவர் இரண்டையும் தன் வாயில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது, "இம்புட்டு நாளா இதைக் கழுவி வச்சுக்கிட்டிருந்தது யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும்தான் கழுவினோம். ஆனால் அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். நோட்டைத் திறந்து எழுதினார். பாக்கியத்தின் பெயர் மேலேயே இருந்தது, அதை அடிக்கவில்லை. அனுப்பின கடிதங்களைத் திரும்பப் பெற முடியாது, செத்தவள் வீட்டில் போய் இப்போது வேறு கதை சொல்லவும் முடியாது என்றார். என்னை வேலையில் இருக்கச் சொன்னார். நான்தான் இருக்கவில்லை.

புதுத் தெர்மாமீட்டர் வந்துவிட்டது. முறை இன்னும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். உங்களையும் அதில் சேர்த்திருப்பார்கள். அன்போடுதான் சேர்த்திருப்பார்கள். மறுத்தால் தனியாக நிற்பீர்கள், ஒரு மாதத்தில் மூன்று பெயர் விழுந்து ஊருக்குப் போகவும் கூடும். அதனால் மறுத்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. சார்ட்டில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள் என்று மட்டும் எழுதுகிறேன். கை ஒன்றும் கண்ணாடி ஒன்றும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். இதற்கே உங்களைத் திட்டுவார்கள்.

வேலையை விட்ட மறுவாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் பஸ் ஏறினேன். பாக்கியம் தக்காளித் தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் நல்ல கைக்காரி, ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று அவள் அப்பாவே வழியில் சொன்னார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மாமீட்டர் பழுது, அன்று பார்த்தது நான், அவள் மீது ஒரு தப்பும் இல்லை என்றேன்.

"இல்லக்கா. நாந்தான் பாத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நெத்தியத் தொட்டேன், சில்லுனு இருந்துச்சு. செத்த நேரம் கூட நின்னு பாத்திருக்கணும், வந்துட்டேன்" என்றாள்.

"நீ அப்ப மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்த பாக்கியம்."

"அது முந்துன நாளு. ஒங்களுக்கு நெனவு இல்ல."

டாக்டரம்மா அறையில் நின்று அவள் எத்தனை முறை அதைச் சொன்னாளோ, ஊரில் எத்தனை பேருக்குச் சொன்னாளோ, தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளை மேல் சத்தியம் செய்தேன். அவள் பிள்ளையை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டு, நான் ஏதோ பரிவில் பேசுகிறேன் என்பது போலச் சிரித்தாள்.

"விடுங்கக்கா. அது ஒங்க முறை இல்ல" என்றாள்.

கூடையை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பறிக்கத் தொடங்கினாள். நான் அங்கேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நம்பவில்லை.